பிள்ளையின் பெயரைக் கேட்போம்

பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையை இழந்த பெற்றோர், மருத்துவமனை ஆன்மகுருவிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாமி, திருமுழுக்குக் கொடுக்க முடியாமல் போய்விட்டதே, எங்கள் பிள்ளை எங்கே இருக்கும்?"

இறந்தவருக்குத் திருஅவை திருமுழுக்கு அளிப்பதில்லை. ஆனால் நம் பதில் அத்துடன் முடிவதில்லை. இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்கிறது மறைக்கல்வி ஏடு (எண் 1261). அவர்கள் மீட்படைவார்கள் என எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என, 2007ஆம் ஆண்டு பன்னாட்டு இறையியல் ஆணையமும் கூறியது. திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு திருஅவையின் அடக்கச் சடங்கும் நடத்தலாம் (திருஅவைச் சட்டம் 1183).

இவற்றைச் சொல்லும் முன், நல்ல ஆன்மகுரு குழந்தையின் பெயரைக் கேட்கிறார். அப்பெயரைச் சொல்லிச் செபிக்கிறார். "இன்னொன்று பிறக்கும்" என்று ஆறுதல் சொல்வதில்லை, உடன் அமர்ந்திருக்கிறார். இலாசரை உயிர்ப்பிக்கும் முன் இயேசுவும் கண்ணீர் விட்டாரே (யோவா 11:35).

வெறுங்கையோடு வீடு திரும்பும் அந்தப் பெற்றோர் வருவது நம் பங்கிற்குத்தான். ஆன்மகுரு தொடங்கியதை நாம் தொடர்வோம். நவம்பரில் இறந்தோரை நினைவுகூரும்போது, அந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.