சீருடைக் குற்றம்: உடுப்பா, உள்நோக்கமா?

படையில் இல்லாத ஒருவர் படைச் சீருடை அணிவதைக் குற்றமாக்கும் விதி இலங்கைக்குப் புதியதன்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலேயே, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவை அடியொற்றி, அது இடம்பெற்றுவிட்டது. அதன் உயிர்நிலை உடுப்பில் அன்று, உள்நோக்கத்திலேயே இருக்கிறது: தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு அச்சீருடையை ஒத்த உடையை அணிந்தால்தான் குற்றம் நிறைவுபெறும் என்பதால், மேடையில் சிப்பாயாக நடிப்பவர் இதற்குள் அகப்படுவதில்லை.

எண்ணத்தை ஆராய நிதானம் வேண்டும். அம்பாறைக் கரையோரத்துக்கு அது எப்போதும் வாய்க்கவில்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பின், 2019 ஏப்ரல் 26 அன்று கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில் படையினர் ஒரு வீட்டைச் சுற்றிவளைத்தபோது குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். அவ்வட்டாரத் தேடுதல்களில் வெடிபொருட்களோடு இராணுவச் சீருடைகளும் அகப்பட்டதாக இராணுவம் அறிவித்தது. அடுத்த சில நாட்களில், வாள்களையும் பெரிய கத்திகளையும் போலவே, படை, பொலிஸ் சீருடைகளையும் ஒப்படைக்குமாறு நாடெங்கும் பொதுமக்கள் கேட்கப்பட்டனர். அணிந்தவரின் நோக்கத்தைத் தேடிய பழைய விதிக்கு மாறாக, இங்கே வைத்திருப்பதே வினாவாயிற்று. போர்க்காலத்தில் ஊரவருக்கே ஆயுதமும் சீருடையும் கொடுத்து அரசு அமைத்த துணைப்படையான ஊர்காவல் படையில் முஸ்லிம் இளைஞர்களும் பணியாற்றியிருந்தனர்; அரசு கொடுத்த சட்டை பெட்டியடியில் கிடந்தால், அதுவும் இவ்வறிவிப்புக்கு உட்பட்டதே.

கத்திகளில் அன்றாட வேலைக்குரியவை விலக்கப்பட்டன. துணியில் அவ்வாறு கோடு கிழிப்பது எளிதன்று. தோட்பட்டையில் தரச்சின்னமும் சட்டைப்பையின்மேல் பெயர்ப்பட்டியும் இருந்தால் அது சீருடை. அவையின்றி, புதரோடு புதராக மறைய உதவும் பச்சை, மண்ணிறத் திட்டுகளை, அதாவது உருமறைப்பு வடிவத்தை, அச்சிட்ட காற்சட்டையோ பெருநாளுக்குப் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் சாதாரண உடுப்பு. பார்படோஸ் இந்தச் சிக்கலையே வைத்துக்கொள்ளவில்லை. அங்கே பொதுமக்கள் அவ்வடிவத்தை அணிவதே தடை. குழப்பமில்லாத விதிதான், ஆனால் குற்றமனம் இல்லாதவரையும் அது பிடிக்கிறது.

2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தை இராணுவ உடையணிந்தோர் தாக்கியபின், அத்தகைய துணியை விற்கவேண்டாம் என்று இந்திய இராணுவம் வணிகர்களுக்கு வேண்டுகோள் விடுத்தது. ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவு அணிபவரைப் பற்றித்தான் பேசியது. அதற்குப் பதிலாக 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவும் அபராதத்தை 500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தியதேயன்றி, தைத்துக் கொடுப்பவரையும் விற்பவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை.