தகனப் பகுப்பாய்வும் தீர்ந்துபோம் பொருள்களும்

நம் கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்திலே சில காலமேனும் நின்றவர்க்கு ஒரு பரிசோதனை மறந்திராது. சிறிதளவு சீனியையும் உலர்ந்த கரிய செப்பொட்சைட்டையும் நன்றாகக் கலந்து வன்கண்ணாடிக் குழாயொன்றிலிட்டுச் சூடேற்றுவோம். வெளிவரும் வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்கும். குழாயின் குளிர்ந்த பாகத்திலே படியும் துளிகள் நீரற்ற வெண்ணிறச் செப்புச் சல்பேற்றை நீலமாக்கும். சீனியிலே காபனும் உண்டு, ஐதரசனும் உண்டு என்று கொப்பியில் எழுதிவிட்டு, மணி அடித்ததும் விளையாட்டிடத்தை நோக்கி ஓடிவிடுவோம். எவ்வளவு உண்டு என்று நம்முள் எவரும் வினவியதாக ஞாபகமில்லை. அவ்வினாவுக்கு விடைகாணும் தொழிலிலேயே பின்னாளில் எம் காலத்தின் பெரும்பகுதி கழிந்தமையால், இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்கப்பட்டபோது வேறு பொருள் தேட வேண்டியிருக்கவில்லை.

செப்பொட்சைட்டைக்கொண்டு சேதனப் பொருளை எரிக்கும் முறை கேலூசாக் காலத்தது. 1831இல் லீபிக் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் ஐந்து குமிழ்களையுடைய கண்ணாடிக் கருவியொன்றிலே பொற்றாசைக் கரைசலை நிரப்பி, எரிதலினால் வரும் காபனீரொட்சைட்டு முழுவதையும் அதிலே பிடித்து நிறுத்துக் காட்டினார். அதே காலப் பகுதியில் பிரான்சிய தேசத்து தூமா என்பவர் நைதரசனை வாயுவாகவே சேர்த்து அளக்கும் வழியைக் கண்டார். அக்காலத்தில் ஒரு பரிசோதனைக்குக் கிராமின் பெரும்பங்கு பொருள் வேண்டியிருந்தது. சில மில்லிகிராம் போதும் என்ற நிலைக்கு அதனை இறக்கியவர் ஒஸ்திரியரான பிரெகில். அதற்காக 1923இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்று நாம் பயன்படுத்தும் மின்பொறிகள் யாவும் இம்மூவரின் வழித்தோன்றல்களே.

பொறியின் செயலைச் சுருக்கமாகச் சொல்வோம். இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம் மாதிரியை மெல்லிய வெள்ளீயக் கிண்ணத்திலே மடித்து வைத்தால், அது ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள குவாட்சுக் குழாயினுள் விழும். அத்தருணம் தூய ஒட்சிசன் பாய்ச்சப்படும். வெள்ளீயம் தானே தீப்பற்றி எரிந்து, அவ்விடத்து வெப்பத்தைக் கணப்பொழுதுக்கு 1800 பாகையளவுக்கு உயர்த்திவிடும். எரிந்த வாயுக்களை ஈலியம் என்னும் காவுவாயு ஏந்திச் சென்று, தங்குதன் ஒட்சைட்டு முதலிய ஊக்கிகளின் ஊடாகவும், பின்னர்ச் சூடான செப்பின் ஊடாகவும் செலுத்தி, இறுதியிலே வெப்பக் கடத்துகையை அளக்கும் உணரியிடம் ஒப்படைக்கும். உலை, உணரி, கணிப்பான் ஆகியவை ஒருமுறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் நிற்பவை. வெள்ளீயக் கிண்ணம், செப்பு, ஒட்சைட்டு, உலர்த்தி, குவாட்சுப் பஞ்சு, வாயு என்பனவோ நாள்தோறும் தீர்ந்துபோவன. பொறியை வாங்கும்போது அதிகாரிகள் பலர் கூடி ஆராய்வர். தீரும் பொருளை வாங்கும்போதோ, எது மலிவு என்ற ஒரே கேள்வியுடன் காரியம் முடிந்துவிடும். இது பெரும் தவறு என்பதை நாம் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும்.

நாம் அந்நாளிற் கிராண்ட்பாஸிலே குடியிருந்தோம். களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறை என்பதே போர்த்துக்கீசர் வழிவந்த அப்பெயரின் பொருள். ஆற்றங்கரையும் துறைமுகத்தின் அண்மையும் சேர்ந்து அவ்விடத்தைப் பண்டசாலைகளும் ஆலைகளும் நிறைந்த ஊராக்கிவிட்டன. லீவர் பிரதர்ஸ் கம்பனி இலங்கையிலே தன் சவர்க்கார ஆலையை 1938இல் அங்கேதான் தொடங்கியது. தேங்காயெண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் புண்ணாக்கு மாட்டுத் தீவனமாக விலைபோகும். அதன் விலையை நிருணயிப்பது புரதம். புரதத்தை நிருணயிப்பது நைதரசன். நைதரசனை நிருணயிப்பது எம்மைப் போன்றோரின் கையிலுள்ள ஒரு கடதாசி.

நாம் பணியாற்றிய, பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆய்வுகூடத்துக்குச் சிறு வியாபாரி ஒருவர் புண்ணாக்கு மாதிரி கொண்டுவந்தார். அன்று பிற்பகலிற் செய்த பரிசோதனையிற் புரதம் 24 வீதம் என்று வந்தது. அவரும் அதனை நம்பி விலை பேசிச் சரக்கை அனுப்பினார். வாங்கியவர் தம் பக்கத்திற் பரிசோதித்தபோது 20 வீதமே கண்டார், சரக்கு திரும்பியது, கலப்படக்காரர் என்ற பழியும் உடன் வந்தது. “தம்பி, உங்கட கடதாசியை நம்பித்தானே விலை பேசினேன்” என்று அவர் எம்முன் நின்று சொன்னது இன்றும் காதில் நிற்கின்றது. பதிவேட்டைப் புரட்டினோம். காலையில் அசற்றனிலைட்டு என்னும் நியமப் பொருளை இட்டபோது, வரவேண்டிய 10.36 வீத நைதரசன் சரியாகவே வந்திருந்தது. அதன்பின் நாள் முழுவதும் மாதிரிகள் இடப்பட்டன. நியமம் மீண்டும் ஒருமுறையும் இடப்படவில்லை. குழாயைத் திறந்து பார்த்தால், செந்நிறமாக இருக்க வேண்டிய செப்பு அடிவரை கறுத்திருந்தது. புதுச் செப்பு இட்டு அதே மாதிரியை எரித்தோம். 20க்குச் சற்று மேலே நின்றது. நாம் கொடுக்க முடிந்தது ஒரு திருத்தக் கடிதம் மட்டுமே. போக்குவரவுச் செலவையும் போன மதிப்பையும் அவரே சுமந்தார்.

செப்பு கறுத்தால் நைதரசன் ஏன் கூடுகின்றது? செப்புக்கு இரு வேலைகள் உள. நைதரசனின் ஒட்சைட்டுகளைப் பறித்து நைதரசன் வாயுவாக்குதல் ஒன்று; எரிதலுக்குப்பின் எஞ்சும் ஒட்சிசனைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளல் மற்றொன்று. ஒட்சிசனும் நைதரசனும் வெப்பக் கடத்துகையில் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால், தப்பிவரும் ஒட்சிசனை உணரி நைதரசன் என்றே கணக்கிலெழுதிவிடும். ஒரு கிராம் செப்பு ஏற்கக்கூடிய ஒட்சிசன் 0.25 கிராம், அதாவது பொது வெப்பநிலை அமுக்கத்தில் ஏறத்தாழ 176 மில்லிலீற்றர். 60 கிராம் செப்பை இட்டு, மாதிரியொன்றுக்கு 10 மில்லிலீற்றர் ஒட்சிசன் எஞ்சுமெனக் கொண்டால், ஆயிரம் மாதிரிக்குமேல் வரவேண்டும் என்று பென்சிற் கணக்குச் சொல்லும். உண்மையில் அவ்வளவு வாராது. மணியின் மேற்பரப்பு ஒட்சைட்டாகி உள்ளிருப்பதை மூடிக்கொள்ளும். பெருமணிகளிடையே வாயு புகுந்து ஓடிவிடும். எனவே செப்பை வாங்கும்போது விலையைக் காட்டிலும் மணியின் அளவு ஒரு சீராக உள்ளதா, தூள் கலந்துள்ளதா என்றே முதலிற் பார்த்தல் வேண்டும். தூள் மிகுந்தால் வாயுவோட்டம் அடைபடும். கறுத்த செப்பை ஐதரசன் வாயுவிற் சூடேற்றி மீண்டும் சிவப்பாக்கலாம் என்பது பாடப் புத்தகத்திலும் உண்டு. சிக்கனத்துக்காகச் செய்வாரும் உளர். நல்ல காற்றோட்டமும் பழகிய கையும் இல்லாத இடத்தில் நாம் அதனைப் பரிந்துரைக்க மாட்டோம். வெடித்துப் போகும் உலையின் விலைக்குப் பல ஆண்டுச் செப்பு வாங்கலாம்.

வெள்ளீயக் கிண்ணத்தை அற்பமென்று எண்ணுவோர் பலர். அதன்மேல் உற்பத்திக்கால எண்ணெய் சிறிது ஒட்டியிருந்தாலும் அது காபனாகக் கணக்கில் ஏறும். ஆதலாற் புதிய பெட்டி வந்ததும் வெறுங் கிண்ணங்கள் ஐந்தாறை எரித்துப் பார்ப்பதே நன்று. வெறுமைப் பெறுமானம் ஒன்றுக்கொன்று மாறாதிருப்பின் அப்பெட்டியை ஏற்கலாம். மடிக்கும் விதமும் முக்கியம். கிண்ணத்தினுள் 10 மைக்குரோலீற்றர் வளி அகப்பட்டுவிட்டதெனக் கொள்வோம். வளியில் 78 வீதம் நைதரசன் ஆதலால், அது ஏறத்தாழ 9 மைக்குரோகிராம் ஆகும். 3.4 வீத நைதரசனுள்ள புண்ணாக்கு 2 மில்லிகிராம் எடுத்திருந்தால் அதிலுள்ள நைதரசன் 68 மைக்குரோகிராமே. எட்டிலொரு பங்குக்குப் பிழை வந்துவிட்டது! இடுக்கியால் மூன்று முறை மடித்துத் தட்டையாக அமுக்கும் சிறு வேலையைச் சலிப்போடு செய்பவர், பின்னர்ப் பொறியைக் குறைகூறுதல் நியாயமன்று.

மண் மாதிரியைப் பற்றியும் ஒரு சொல். சுண்ணாம்புள்ள மண்ணிலே சேதனக் காபனை மட்டும் அறிய வேண்டின், முதலில் ஐதரோகுளோரிக்கமில ஆவியாற் காபனேற்றை அகற்றுவர். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணையும் அதன் கீழுள்ள சுண்ணாம்புக் கல்லையும் அறிந்தார்க்கு இதன் தேவை விளங்கும். இவ்வேலைக்கு வெள்ளீயக் கிண்ணம் ஆகாது. அமிலம் அதனை அரித்துவிடும். வெள்ளிக் கிண்ணமே கொள்ளவேண்டும். விலை கூடத்தான், வேறு வழியில்லை.

வெள்ளி மற்றோரிடத்திலும் பயன்படும். தென்னையோடு தொடர்புற்ற பொருள்களில், சிறப்பாகத் தும்புத் தூளில், பொற்றாசியம், சோடியம், குளோரைட்டு ஆகிய மூன்றும் மிகுதி. குளோரீனைப் பிடிப்பதற்கு வெள்ளிப் பஞ்சு வேண்டும். இல்லாவிடின் அது செப்பையும் உணரியையும் கெடுக்கும். பொற்றாசியமும் சோடியமுமோ குவாட்சுக் குழாயையே தாக்கி, தெளிந்த கண்ணாடி போன்ற அதனை வெளிறிப் பொரிந்த ஓடாக்கிவிடும். குழாயைக் காக்க உள்ளே ஒரு சாம்பற் கிண்ணம் வைத்து அடிக்கடி மாற்றுவதே வழி. கொழும்பு வெக்கையில் வியர்த்த கையாற் குழாயைத் தொட்டாலும் இதே கேடு சிறிய அளவில் நிகழும். வியர்வையின் உப்பு விரலடையாளமாகக் குழாயில் வெந்துவிடும். உலையிலிடுமுன் மதுசாரத்தால் துடைத்து, அதன்பின் வெறுங்கையால் தொடாதிருக்க. குவாட்சுப் பஞ்சுக்குப் பதிலாகச் சாதாரணக் கண்ணாடிப் பஞ்சை இட்டு, அது உருகிக் குழாயோடு ஒட்டிக்கொண்டதையும் நாம் கண்டதுண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் ஏமாற்றம்.

எரிய மறுக்கும் பொருளுக்கு எம் நாடே நல்ல உதாரணம் தந்திருக்கின்றது. போகலை, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களின் காரீயம், அதாவது பென்சிற் கரி, நூற்றுக்கு 95க்கு மேல் காபனுடையதாக உலகிற் பெயர்பெற்றது. புண்ணாக்கு எரியும் வேகத்தில் அது எரியாது. ஒட்சிசன் குறைந்தாலோ ஊக்கி களைத்துப் போயிருந்தாலோ காபன் குறைவாக வரும். நல்ல காரீயம் தரங்குறைந்ததாக விலைபோகும். மாதிரியோடு சிறிது தங்குதன் ஒட்சைட்டுத் தூளைச் சேர்த்து மடித்தலும், ஒட்சிசன் பாயும் நேரத்தை நீட்டலும் இதற்குப் பரிகாரம். எரிந்தபின் சாம்பற் கிண்ணத்திலே மினுங்கும் கரும்புள்ளிகள் தென்பட்டால் அப்பெறுபேற்றை ஏற்றல் கூடாது.

நைதரசனை மட்டும் அளக்கும் பொறிகளிலே நீரையும் காபனீரொட்சைட்டையும் வழியிற் பிடித்து நிறுத்த வேண்டும். நீருக்கு மகனீசியம் பேர்குளோரேற்று; காபனீரொட்சைட்டுக்குச் சோடியமைதரொட்சைட்டு ஏற்றிய சிறுமணிகள். முன்னாளில் அம்மணிகள் கன்னாரில்தான் செய்யப்பட்டன. அதன் தூசு சுவாசப்பையைக் கெடுப்பது தெரிந்தபின் சிலிக்கா வந்தது. பழைய அலுமாரியிற் பழைய போத்தல் இருப்பின் அதனைத் திறவாதிருத்தலே அறிவு. சோடியமைதரொட்சைட்டு காபனீரொட்சைட்டை ஏற்கும்போது தானே நீரை விடும்; எனவே அதன்பின்னும் ஒரு பிடி பேர்குளோரேற்று வேண்டும். இதனை மறந்து, செலவைக் குறைத்தோமென்று மகிழ்ந்தோர் பின்னர் நடுங்கும் அடிக்கோட்டைக் கண்டு வருந்துவர். பேர்குளோரேற்று கொழும்பின் ஈரக்காற்றிலே திறந்த சில நிமிடத்திற் கெடத் தொடங்கும். சிறு போத்தல்களாக வாங்குதல் நன்று. அது வலிய ஒட்சியேற்றி ஆதலால், கழித்ததைக் கடதாசியோடும் பஞ்சோடும் குப்பைக் கூடையில் எறிதல் ஆபத்து.

கெல்டால் முறை இருக்க இவ்வளவு தொல்லை எதற்கு என்று மூத்த ஆசிரியர் சிலர் கேட்பது எமக்குக் கேட்கின்றது. 1883இல் வந்த அம்முறை இன்றும் நம்பத்தக்கதே. எனினும் கொதிக்கும் சல்பூரிக்கமிலமும் சில இடங்களிற் பாதரசமும் அதற்கு வேண்டும். மணித்தியாலக் கணக்கிற் செல்லும். பசளையிலுள்ள நைத்திரேற்றையும் அது நேரே பிடிப்பதில்லை. தகன முறை சில நிமிடங்களில் மொத்த நைதரசனையும் தந்துவிடும். இதுவே அதன் குறையுமாகும். தேயிலையிலுள்ள கபேயினின் 28.85 வீதமும் நைதரசனே. அதனைப் புரதமென்று பொறி பிரித்தறியாது. சீனத்திலே 2008இல் பாலில் மெலமீன் கலந்தோர் நைதரசன் கணக்கின் இக்குருட்டுத்தன்மையையே தமக்குச் சாதகமாக்கினர்.

இனி வாயு. ஈலியம் உலகில் அரிதாகிவருவது. நம் நாட்டுக்கு வெளியிலிருந்தே வரவேண்டும். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, ஓர் உருளையும் ஒரு போத்தல் செப்பும் தங்கத்துக்கு நிகராயின. சில பொறிகள் ஆகனையும் ஏற்கும். ஆனால் ஈலியத்தின் வெப்பக் கடத்துகை நைதரசனைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. ஆகனுக்கோ நைதரசனோடு சிறு வேற்றுமையே உண்டு. ஆகவே ஆகனில் ஓடும் பொறிக்கு மாதிரியைக் கூட்டி எடுக்க வேண்டும். மிகக் குறைந்த நைதரசனுள்ள மண்ணுக்கு அது உதவாது. புண்ணாக்குக்கும் பசளைக்கும் போதும். எவ்வாயுவாயினும் தூய்மை 99.99 வீதத்துக்குமேல் இருத்தல் வேண்டும். உருளை மாற்றிய நாளில் வெறுங் கிண்ணத்தையும் நியமத்தையும் முதலிலும், பத்து மாதிரிக்கு ஒருமுறையும், நாளின் முடிவிலும் இடுவது இப்போது எம் வழக்கம். செப்புக் குழாயின்மேல் இட்ட திகதியையும் மாதிரித் தொகையையும் பென்சிலால் எழுதிய சிறு துண்டொன்று ஒட்டியிருக்கும். அந்த வியாபாரி பின்னர் ஒருமுறை வந்தபோது, வாசலில் நின்றபடியே முதலில் அத்துண்டைத்தான் வாசித்தார்.