128 வோல்ட் மயக்கம்



மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் சம்பளம் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்கிறது. முன்பெல்லாம் சம்பளத்தன்று துணி மூட்டைக்காரரும் தவணைக் கடைக்காரரும் தோட்டத்து வாசலில் காத்திருப்பார்கள். இப்போது யாரும் வந்து நிற்க வேண்டியதில்லை. சட்டைப் பையில் இருக்கும் கைபேசியே அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. எட்டாம் தேதி விரலால் ஒரு தட்டு. இரண்டு வாரத்துக்குள் பார்சல்காரர் வீட்டு வாசலில்!

அந்தப் பார்சல்களில் ஒரு சாமானை அண்மைக் காலமாக அடிக்கடி பார்க்கிறேன். பேட்டரியில் ஓடும் டிரில், நட்டுக் கழற்றும் இம்பேக்ட் ரெஞ்ச், கிரைண்டர் எல்லாம் ஒரே பெட்டியில், இரண்டு பேட்டரியோடு. விலை நூற்றைம்பது வெள்ளி, இருநூறு வெள்ளி. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '128 வி.எஃப்' என்று போட்டிருக்கிறது. அப்படி ஒன்றை வாங்கிய தம்பி ஒருவர், "அண்ணே, பட்டணத்துக் கடைல விக்கிறது வெறும் 18 வோல்ட்டு. இது 128! அதுவும் பாதி விலைண்ணே" என்று சொல்லிக் காட்டினார். மூன்றாவது வாரம் அந்த ரெஞ்ச், மோட்டார் சைக்கிளின் பின்சக்கர நட்டைக்கூட அசைக்க மாட்டாமல் முனகிக்கொண்டிருந்தது.

அவர் ஏமாளி இல்லை. செம்பனை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தே குலை பழுத்ததா காயா என்று சொல்லிவிடும் கண் அவருக்கு. பேட்டரிப் பெட்டிக்குள் இருப்பது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அங்கேதான் வியாபாரி விளையாடுகிறான்.

இந்தச் சாமான் நமக்குத் தேவையா என்று கேட்டால், தேவை என்றுதான் சொல்வேன். தோட்டத்தில் இருப்பவனுக்கு மோட்டார் சைக்கிள்தான் கால். பிள்ளை பள்ளிக்கூடம் போவதும், கிழவி கிளினிக் போவதும் அதில்தான். சாயங்காலம் வேலை விட்டு வந்து, கொய்யா மரத்தடியில் நாலு வண்டியைப் பிரித்து மாட்டி, வீட்டுச் செலவுக்குப் பத்து இருபது பார்க்கிற மெக்கானிக் தம்பிகள் இல்லாத தோட்டம் எது? வீட்டுக்குள்ளிருந்து மரத்தடி வரை வயர் இழுத்து, மழை வந்தால் அலறி ஓடுவதைவிட பேட்டரிக் கருவி எவ்வளவோ மேல்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு அது ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. நூற்றைம்பது வெள்ளிப் பெட்டி என்றால் இரண்டு நாளைக்கு மேற்பட்ட உழைப்பு. அது மூன்று வாரத்தில் குப்பைக்குப் போனால் யார் பதில் சொல்வது?

இனி அந்த 128 கதைக்கு வருவோம். கருவிப் பேட்டரிக்குள் டார்ச் லைட் பேட்டரி போன்ற உருளைகள் வரிசையாக இருக்கும். செல் என்பார்கள். லித்தியம் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 18 வோல்ட். முழுச் சார்ஜ் ஏறியதும் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தொடும். ஐந்துக்கும் சேர்த்து 21. ஆகவே 18 என்று போட்டாலும், 20 என்று போட்டாலும், 21 என்று போட்டாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். உண்மையிலேயே 128 வோல்ட் வேண்டுமானால் முப்பத்தாறு செல்லைத் தொடராகக் கோக்க வேண்டும். செல்லின் எடை மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகும். அந்தப் பெட்டியின் பேட்டரியோ உள்ளங்கையில் அடங்குகிறது! 'வி.எஃப்' என்று வோல்ட்டுக்குப் பின்னால் ஒரு எழுத்தை ஒட்டிவிட்டால், அது வோல்ட் இல்லை, மாடல் பெயர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் சூட்சுமம்.

சோதித்துப் பார்க்கப் படிப்பு வேண்டாம். கூட வந்த சார்ஜரைத் திருப்பி, 'அவுட்புட்' என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே 21 வோல்ட் என்று இருந்தால் பேட்டரியும் ஐந்து செல் வரிசைதான். பெட்டி பொய் சொல்லும். சார்ஜர் பெரும்பாலும் சொல்லாது, ஏனென்றால் சார்ஜர் பொய் சொன்னால் பேட்டரி வெந்துவிடும்.

வோல்ட் ஒரு கணக்கு என்றால், எவ்வளவு நேரம் ஓடும் என்பது இன்னொரு கணக்கு. அதற்கு ஆம்ப்-அவர் என்று பெயர். நல்ல கம்பெனிப் பேட்டரியில் 2, 4, 5 என்ற எண்கள் இருக்கும். 18 வோல்ட்டை 2-ஆல் பெருக்கினால் 36 வாட்-அவர், 5-ஆல் பெருக்கினால் 90. தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மலிவுப் பெட்டியில் 15 என்றும் 20 என்றும் கூசாமல் அச்சடிக்கிறார்கள். இந்தக் கருவிகளில் அதிகம் வருவது 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள செல். அதில் நல்ல தரமானதே பெரும்பாலும் 3.5 ஆம்ப்-அவருக்கு மேல் பிடிக்காது. பத்து செல்லை இரண்டு வரிசையாக வைத்தாலும் 7-தான். பிறகு 15 எங்கிருந்து வரும்? தராசில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படிப்பட்ட ஒரு செல் ஏறக்குறைய 45 கிராம். பத்து செல் உள்ள 5 ஆம்ப்-அவர் பேட்டரி, பெட்டியோடு சேர்த்து அறுநூறு கிராம் அளவுக்கு இருக்கும். 'பெரிய பேட்டரி' என்று வந்தது முந்நூறு கிராம்தான் நிறுக்கிறது என்றால் பாதிப் பெட்டி காலி. மளிகைக் கடைத் தராசு போதும்.

இங்கே முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். கடைக்குப் போகிறவர் "டிரில் வாங்கப் போறேன்" என்கிறார். உண்மையில் அவர் ஒரு பேட்டரிக் குடும்பத்துக்குள் பெண் எடுக்கிறார். மக்கித்தா பேட்டரி போஷ் கருவியில் ஏறாது. போஷ் பேட்டரி மில்வாக்கியில் ஏறாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே சண்டை உண்டு. மக்கித்தாவில் 18 வோல்ட் பேட்டரி 40 வோல்ட் கருவியில் உட்காராது. போஷில் நீலநிறக் கருவியின் பேட்டரி பச்சைநிறக் கருவிக்குச் சேராது. முதல் கருவியை எந்தக் குடும்பத்தில் வாங்குகிறோமோ, இரண்டாவதும் மூன்றாவதும் அங்கேயே வாங்க வேண்டி வரும், ஏனென்றால் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான். அவை கையில் இருந்தால் அடுத்த கருவியை 'பாடி' மட்டுமாக, பேட்டரி இல்லாமல் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

அப்படியானால் ஒரு லயத்தில் ஐந்து வீட்டுக்காரர்கள் ஐந்து நிறத்தில் வாங்குவது எவ்வளவு முட்டாள்தனம்! ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். ஐந்து பேரும் ஒரே குடும்பம் என்று முடிவெடுங்கள். ஒருவர் டிரில், ஒருவர் ரெஞ்ச், ஒருவர் விளக்கு. பேட்டரி எல்லாருக்கும் பொருந்தும். பட்டணத்து ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம் தனியாளாகப் போய் விலை கேட்பதும், ஐந்து பேராகப் போய்க் கேட்பதும் ஒன்றா? சங்கத்தில் இருபது ஆண்டு இருந்தவன் சொல்கிறேன், ஒன்றாகாது. 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்படுவதைத் தடுக்க நம் பாட்டன்மார் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டத்தையே வாங்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளால் ஒரு பேட்டரி நிறத்துக்கு ஒத்துப்போக முடியாதா?

நான் கூட்டுச் சீட்டுப் பிடிக்கச் சொல்லவில்லை. கூட்டை வியாபாரமாக நடத்துவதற்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை உண்டு. அவரவர் பணத்தில் அவரவர் சாமான், பெயர் எழுதி வையுங்கள். யார் எடுத்தார், எப்போது கொடுத்தார் என்று ஒரு நோட்டுப் புத்தகம். கீழே போட்டு உடைத்தால் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியால் இரண்டு சம்பந்தி வீட்டார் பேசாமல் போவார்கள்.

எதை முதலில் வாங்குவது? மெக்கானிக் வேலைக்குச் சிறிய டிரில் ஒன்று, நடுத்தர இம்பேக்ட் ரெஞ்ச் ஒன்று. இவை போதும். கிரைண்டருக்குப் பேட்டரி வேண்டாம் என்பது என் கருத்து. அது பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். வயர் கிரைண்டர் மலிவு, நாளெல்லாம் ஓடும். சிறு காரின் சக்கர நட்டை இறுக்க 100 நியூட்டன் மீட்டர் அளவு போதும், துருப்பிடித்ததைக் கழற்றக் கூடுதலாக வேண்டும். இருநூற்றைம்பது, முந்நூறு உள்ள நல்ல ரெஞ்ச் வீட்டு மெக்கானிக்குக் காலத்துக்கும் உழைக்கும். இம்பேக்ட் ரெஞ்சைக் கழற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எண்ணெய் போல்ட்டையும் ஸ்பார்க் பிளக்கையும் அதில் வைத்து இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும், வண்டிக்காரன் உங்களைத்தான் தேடி வருவான். கறுப்பு நிற இம்பேக்ட் சாக்கெட்டையே போடுங்கள். பளபளக்கும் வெள்ளிநிறச் சாக்கெட் அடி தாங்காமல் வெடித்துச் சிதறலாம். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். தோட்டத்துப் பட்டறையில் வேலை என்றால் அந்தக் கண்ணாடியை நிர்வாகம்தான் தர வேண்டும். அதற்குக் காசு பிடிக்கக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டு வேலைப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே சொல்கிறது.

பணம் போனால் போகட்டும் என்று விடலாம். தீயை அப்படி விட முடியாது. நல்ல பேட்டரிக்குள் ஒரு சிறு மின்பலகை இருக்கிறது. சூடு ஏறினாலோ, ஒரு செல் மற்றவற்றைவிட அதிகமாக நிரம்பினாலோ நிறுத்திவிடும். மலிவுப் பேட்டரியில் அது அரைகுறை, சிலவற்றில் இருக்கவே இருக்காது. லயத்தில் ஒரு வீட்டுச் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். கூரையோ ஒன்று. இரவு சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். மெத்தை மேல், பாய் மேல், பெட்ரோல் டின் பக்கத்தில் வேண்டாம். சிமெண்டுத் தரையில், கண் பார்வையில், வெளியேறும் வாசலை அடைக்காத இடத்தில் போடுங்கள். வேலை முடிந்து சுடச்சுட இருக்கும் பேட்டரியை அரை மணி ஆறவிட்டுப் பிறகு மாட்டுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக் கூடையில் பேட்டரியை விட்டுப் போகாதீர்கள். உப்பியதோ, விழுந்து விரிசல் விட்டதோ, விநோத வாடை அடிப்பதோ, அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. புகை கிளம்பினால் சாமானைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு, தீ அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும். பிள்ளைகளையும் பக்கத்து வீட்டாரையும் வெளியேற்றிவிட்டு 999-ஐ அழையுங்கள்.

சார்ஜரின் பிளக்கில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முள் பிளக்கைக் குச்சியால் குத்தி மூன்று முள் சாக்கெட்டில் மாட்டும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

பெயர்பெற்ற கம்பெனியின் போலிப் பேட்டரிகளும் ஏராளம், நிறம், எழுத்து எல்லாம் அச்சு அசல். அதனால் அதிகாரம் பெற்ற கடையில், ரசீதோடு, உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரை குத்தி வாங்குங்கள். ரசீது மை அழிந்துபோகும், அன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கைபேசியில் வாங்கினால் விற்பனையாளர் உள்நாட்டில் இருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

உள்நாட்டு வியாபாரி பொய்ச் சாமான் கொடுத்து, பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பு மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, வியாபாரியும் பொதுவாக வழக்கறிஞரைக் கூட்டி வர முடியாது. கைபேசியில் வாங்கியதற்கும் அந்தச் சட்டம் பொருந்தும். கொண்டுபோக வேண்டியது ரசீது, விற்பனையாளர் போட்ட விளம்பரத்தின் படம், அவரோடு பேசிய செய்திகள். '128' என்று அவர் எழுதியதையும் '21' என்று சார்ஜரில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலாய் மொழியில் பாரம் நிரப்பத் தயங்குகிறவர்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள், அல்லது உங்கள் தோட்டத்துச் சங்கக் கிளைச் செயலாளரைப் பிடியுங்கள்.

செத்துப்போன பேட்டரியைச் செம்பனைக் காட்டில் வீசவோ, குப்பையோடு சேர்த்து எரிக்கவோ வேண்டாம். எரித்தால் வெடிக்கும். அதன் இரும்பு முனைகள் மேல் டேப் ஒட்டி, தனி டின்னில் போட்டு வைத்து, பட்டணத்துக்குப் போகிறபோது மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.