மின் லாரி வரும். ஒற்றை லாரிக்காரர் இருப்பாரா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி முதலாளிகளிடம் பேசிப் பாருங்கள். பலருடைய கதை ஒரே மாதிரிதான் தொடங்கும். கிளீனராக ஏறினார். ஸ்டீயரிங் பிடித்தார். ஓட்டிச் சேர்த்த காசோடு வீட்டு நகையையும் வைத்து, யாரோ ஓட்டிக் கழித்த பழைய லாரி ஒன்றை ஃபைனான்ஸில் எடுத்தார். தவணை முடிந்ததும் இன்னொன்று. மழையை நம்பிப் பிழைக்க முடியாத இந்தப் பூமியில், பள்ளிப் படிப்பைத் தாண்டாத எத்தனையோ குடும்பங்களை மேலே ஏற்றிவிட்ட ஏணி அதுதான். சென்னையில் 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்தே நாட்டின் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அந்த ஏணியில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

டீசல் லாரியின் இடத்துக்கு இப்போது மின் லாரி வரத் தொடங்கியிருக்கிறது. வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இந்தியச் சாலைகளில் ஓடும் வாகனங்களில் லாரிகள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் போக்குவரத்துத் துறை வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களில் 42 சதவீதம் அவற்றிலிருந்து வருகிறது என்று மத்திய அரசே சொல்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் புள்ளிவிவரம்கூடத் தேவையில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள், இன்ஜினை அணைக்காமல் அங்குலம் அங்குலமாக நகரும். அந்தப் புகையைத்தான் சாலையோரத்துப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். வண்டிக்குள் இருக்கும் ஓட்டுநரின் நிலையும் மோசம். மே மாத வெயிலில் இன்ஜின் சூடும் இரைச்சலும் சேர்ந்து அவரை வேகவைக்கும். புதிய லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்ற விதியே 2025 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. மின் லாரியில் அந்தச் சூடும் அதிர்வும் இல்லை என்பதை ஓட்டுநர்களின் உடம்பை நினைத்துப் பார்ப்பவர்கள் சிறிய லாபமாக எண்ண மாட்டார்கள்.

ஆனால் லாரித் தொழில் கணக்கில் நடப்பது. அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.

முழு லோடு ஏற்றிய 55 டன் டிரெய்லர், லிட்டர் டீசலுக்கு மூன்று கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைப்போம். மேடும் நெரிசலும் வந்தால் அதுவும் கிடைக்காது. தமிழ்நாட்டில் டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு எண்ணெய்ச் செலவு மட்டும் 30 ரூபாயைத் தாண்டுகிறது. அதே எடையுள்ள மின் லாரி கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும். யூனிட் 10 ரூபாய் என்றால் 15 ரூபாய். பாதிக்குப் பாதி மிச்சம்!

இப்போது கடன் பக்கம் வருவோம். மின் டிரெய்லரின் விலை டீசல் டிரெய்லரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சரக்கு வாகனங்களுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் மின் வாகனத்துக்கு 5 சதவீதம்தான். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் 2025 ஜூலையில் முதன்முறையாக மின் லாரிக்கு மானியம் அறிவித்தது: நாடு முழுவதும் சுமார் 5,600 வண்டிகளுக்கு, அதிகபட்சமாக ஒரு வண்டிக்கு 9.6 லட்சம் ரூபாய். இதெல்லாம் போகக் கூடுதல் விலை 70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 11 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் என்றால், அந்தக் கூடுதலுக்கு மட்டும் மாதத் தவணை ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு டீசலில் மிச்சமாவது அந்தத் தவணைக்குச் சரியாகிவிடும். 6,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் மாதம் ஐம்பது, அறுபதாயிரம் கையை விட்டுப் போகும்.

வண்டியின் நன்மை தீமை ஒருபுறம் இருக்கட்டும், லாபத்தைத் தீர்மானிப்பது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதே. சிமென்ட் ஆலைக்கும் அதன் அரவை ஆலைக்கும் இடையே, அரைத்தால் சிமென்ட்டாகும் கிளிங்கர் கட்டிகளை ஏற்றிக்கொண்டு இரவு பகலாக ஓடும் வண்டிக்கு நிற்க நேரம் இல்லை. புக்கிங் ஆபீஸ் வாசலில் ரிட்டர்ன் லோடுக்காக இரண்டு நாள், மூன்று நாள் காத்துக் கிடக்கும் ஒற்றை லாரிக்காரருக்கு ஓட்டம் அவர் கையில் இல்லை. ஆகவேதான் அல்ட்ராடெக் போன்ற சிமென்ட் நிறுவனங்களும், எஃகு ஆலைகளும், துறைமுகங்களும் முதலில் மாறுகின்றன. லோடும் அவர்களுடையது, சார்ஜ் போடும் இடமும் அவர்களுடையது, குறைந்த வட்டியில் கடன் கொடுக்க வங்கிகளும் வரிசையில் நிற்கும்.

நாட்டின் லாரிகளில் பெரும்பகுதி ஐந்துக்கும் குறைவான வண்டி வைத்திருப்பவர்களிடம் இருக்கிறது. அவர்களுக்குக் கடன் கொடுக்கிறவர் முதலில் கேட்பது, ‘தவணை நின்றுபோனால் வண்டியை எவ்வளவுக்கு விற்கலாம்?’ என்பதுதான். பத்து வருஷ டாரஸ் லாரிக்கு என்ன விலை என்று நாமக்கல்லில் எந்தப் புரோக்கரும் டயரைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஐந்து வருஷம் ஓடிய மின் லாரிக்கு என்ன விலை? சொல்ல ஆள் இல்லை, சந்தையும் இல்லை. பி.எம். இ-டிரைவ் மானியம் பெற, பேட்டரிக்கு 5 வருடம் அல்லது 5 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்க வேண்டும். புதிதாக வாங்குபவருக்கு அது தைரியம். செகண்ட் ஹேண்டில் வாங்கித் தொழிலுக்குள் நுழைய நினைக்கும் ஓட்டுநரோ, உத்தரவாதம் முடிகிற இடத்தில்தான் வண்டியைக் கையில் வாங்குவார். ஏணியின் முதல் படி அங்கேதான் முறிகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சீனாவைப் பார்க்கலாம். 2025இன் முதல் பாதியில் அங்கே விற்ற கனரக லாரிகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் புதிய ஆற்றல் வாகனங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பேட்டரியில் ஓடுபவை. பழைய டீசல் லாரியை உடைத்துவிட்டு மின் லாரி வாங்கினால் 1,40,000 யுவான் வரை, அன்றைய மாற்று மதிப்பில் 16 லட்சம் ரூபாய்க்கு மேல், அரசு கொடுத்தது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது பேட்டரி மாற்று நிலையங்கள். லாரி நிலையத்துக்குள் போகும். தீர்ந்த பேட்டரியைத் தூக்கிவிட்டு நிறைந்ததை இயந்திரம் பொருத்தும். சில நிமிடங்களில் வண்டி வெளியே வந்துவிடும். பேட்டரி லாரிக்காரருடையது இல்லை, நிறுவனத்துடையது. வாடகை கட்டினால் போதும். வண்டி விலையில் பெரும் பங்கான பேட்டரி கடனிலிருந்து கழிந்துவிடுவதால் சின்ன ஆளுக்கும் தவணை எட்டும். பேட்டரி எத்தனை நாள் உழைக்கும் என்ற பயமும் அவருக்கு இல்லை. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலும், மும்பை–புனே வழியிலும் 2025இல் இந்த முறை தொடங்கியிருக்கிறது. சென்னை, எண்ணூர் துறைமுகங்களுக்கும் மணலி, மாதவரம் கன்டெய்னர் கிடங்குகளுக்கும் இடையே ஓடுவது குறுகிய தூரம். அதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது.

சட்டம் போட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைப்பவர்கள் கலிஃபோர்னியாவையும் பார்க்க வேண்டும். துறைமுக லாரிகள் அத்தனையும் 2035க்குள் புகையற்றவையாக வேண்டும் என்று அந்த மாநிலம் விதி வகுத்தது. அதை அமல்படுத்தத் தேவையான அமெரிக்க மத்திய அரசின் அனுமதி கிடைக்காது என்றானதும், 2025 ஜனவரியில் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசியல் மாறினால் விதி மாறும். லாரிக்காரருக்கே லாபமாக இருக்கிற ஏற்பாட்டை அவ்வளவு எளிதில் யாராலும் பின்னுக்கு இழுக்க முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு. அந்த மின்சாரத்தில் ஓடும் கனரக லாரியால் வெப்பமாதல் பெரிதாகக் குறைந்துவிடாது. தெருவில் புகை போய்விடும்; ஆனால் எண்ணூரில் டிரெய்லர் புகை ஓய்ந்து, பக்கத்து அனல் மின் நிலையப் புகை கூடினால் அந்த மக்களுக்கு என்ன லாபம்? ஆரல்வாய்மொழியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வரை காற்றாலைகள் சுற்றுகிற மாநிலம் இது. காற்றுப் பருவத்திலும் சூரிய மின்சாரம் மிகும் பகல் வேளையிலும் லாரிகளுக்குச் சலுகைக் கட்டணத்தில் சார்ஜ் போட வழி செய்தால், புகையற்ற லாரி என்ற பெயர் பொருந்தும்.

நாமக்கல்லிலிருந்து இன்றைக்கே டெல்லிக்கு மின் லாரி ஓட்ட முடியாது. ஆனால் தினமும் முட்டை ஏற்றிக்கொண்டு பாலக்காடு, திருச்சூர் என்று கேரளாவுக்குப் போகிற வண்டிகள் இருக்கின்றன. ஒரே வழி, தெரிந்த தூரம், நாள் தவறாத லோடு, பாரமும் குறைவு. சின்ன முதலாளிகள் மின் லாரிக்கு மாற இதைவிட நல்ல தடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. வழியில் இரண்டு, மூன்று இடங்களில் வேகமாகச் சார்ஜ் போடும் நிலையங்களும், தவணை நின்றால் நட்டத்தில் ஒரு பங்கை ஏற்கும் அரசின் கடன் உத்தரவாதமும், ஓடிய பேட்டரியின் திறனைச் சோதித்துச் சான்று தரும் மையம் ஒன்றும் நாமக்கல்லிலேயே இருந்தால் ஃபைனான்ஸ்காரர்களும் இறங்கி வருவார்கள். அந்த மையத்தில் வேலை பார்க்க வெளியூர் ஆள் தேட வேண்டாம். பாடி கட்டும் பட்டறைகளிலும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைகளிலும் கைத்தொழில் கற்ற பிள்ளைகள் ஊர் நிறைய இருக்கிறார்கள். உயர் மின்னழுத்த வண்டியைப் பாதுகாப்பாகத் தொட அவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் இப்போதே பயிற்சி தொடங்க வேண்டும். மத்திய மானியத் திட்டத்தின் காலம் 2028 மார்ச்சோடு முடிகிறது. பழைய லாரி ஒன்றை உடைத்த சான்று காட்டினால்தான் அந்த மானியம் கிடைக்கும்; ஒரே லாரி வைத்திருப்பவர் அதை உடைக்கக் கொடுத்துவிட்டால், புது வண்டி வந்து சேரும்வரை அவர் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு என்பதையும் அதற்குள் அரசு யோசித்து எழுதி வைக்க வேண்டும்.