ஓலைக்குக் கரி, திரைக்கு நிறம்

எலப்புள்ளிப் பக்கத்து நம் பிள்ளைகள் நிரல் எழுதும் திரையைப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில், தமிழில் எழுதிய குறிப்பு வரி மட்டும் மங்கிய சாம்பல் நிறம். புள்ளி கண்ணுக்கே படாது. 'கண்' 'கண' ஆகிவிடும். படிக்க முடியாத பிள்ளை அடுத்த குறிப்பை இங்கிலீஷில் எழுதிவிடுகிறான்.

ஓலையிலும் இதே வம்புதான். எழுத்தாணிக் கீறல் ஓலை நிறத்திலேயே இருக்கும். விளக்குக் கரி பூசித் துடைத்த பிறகே எழுத்து எழும்பும். ஓலை கிழியுமென்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு தனிக் கதை!

திரைக்கும் கரி பூசலாம். விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கே, அடுத்து டி தட்டினால் வண்ணத் தொகுப்புகள் வரிசையாக வரும். அழகைப் பார்க்காதீர்கள், குறிப்பு வரியைப் பாருங்கள். 2008இல் வந்த வலை அணுகல் நெறி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் 4.5க்கு 1 ஆவது வேண்டும் என்கிறது. குறிப்பு மட்டும் மங்கினால், செட்டிங்ஸில் 'டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ்' பகுதியில் அந்த நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கணினியில் ஏற்றி, எழுத்துருப் பட்டியலில் ஆங்கில எழுத்துருவுக்கு அடுத்ததாகச் சேர்த்து, வரி உயரத்தையும் கொஞ்சம் கூட்டினால் மேல்வரி விலங்கு கீழ்வரிச் சுழியோடு இடிக்காது.