ரோபோவுக்கு நம்பர் கொடுத்தது யார்?

எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் இருந்து இதை வாசிக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளே, கிட்ட வாருங்கள்.

ரோபோப் போட்டி வீடியோ ஒன்றை ஃபோனில் பார்த்திருப்பீர்கள். ரோபோவைச் சுற்றி மெத்தை மாதிரி ஒரு பட்டி. மூன்று ரோபோவுக்குச் சிவப்புப் பட்டி, எதிரே நிற்கும் மூன்றுக்கு நீலப் பட்டி. அதில் ஏறத்தாழ நான்கு அங்குல உயரத்தில் வெள்ளையாக ஒரு நம்பர். ஒன்றில் 67. இன்னொன்றில் 191. வேறொன்றில் பத்தாயிரத்துக்கும் மேல்!

"இந்த நம்பரை யார் கொடுத்தது? எப்படிக் கொடுத்தார்கள்?" என்று உங்களுக்குத் தோன்றியதா? சபாஷ். எல்லாரும் ரோபோவைப் பார்க்கும்போது நீங்கள் நம்பரைப் பார்த்திருக்கிறீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. அணிக்குப் பெயர் இருக்கும்போது நம்பர் எதற்கு?

உங்கள் தோட்டத்திலேயே பாருங்கள். ஒரே டிவிஷனில் மூன்று லெட்சுமி இருப்பார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது எந்த லெட்சுமிக்கு எத்தனை கிலோ என்று எழுதுவது? அதற்குத்தான் செக்ரோலில் ஆளுக்கு ஒரு நம்பர். ஒரே பெயர் மூன்று பேருக்கு இருக்கலாம். ஒரே நம்பர் இரண்டு பேருக்கு இருக்கக் கூடாது. ரோபோ அணிக்கும் இதே சட்டம்தான்.

இனி இந்தப் போட்டி பிறந்த அமெரிக்காவுக்குப் போவோம். டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1992இல் அதன் முதல் ரோபோப் போட்டி ஒரு பாடசாலை விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. வந்தவை 28 அணிகள். அவ்வளவுதான்! 28 அணிக்கு எப்படி நம்பர் போட்டாலும் குழப்பம் வராது.

அந்த ஆரம்பக் காலத்தில், அணிக்குப் பணம் கொடுத்து உதவும் கம்பனியின் பெயரை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கி நம்பர் போட்டார்கள். வருடா வருடம் புதிதாக.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்டுபிடித்தீர்களா? உங்கள் வகுப்பு வரவு இடாப்பை நினைத்துப் பாருங்கள். பெயர்கள் அகரவரிசையில் இருக்கின்றன. நடுவருடத்தில் அனுஷா என்று ஒரு பிள்ளை புதிதாகச் சேர்கிறாள். அவளை மேலே எழுதினால் என்ன ஆகும்? அவளுக்குக் கீழே இருக்கிற எல்லாருடைய நம்பரும் ஒன்று தள்ளிப் போகும். நேற்று 7ஆக இருந்த நீங்கள் இன்று 8.

போட்டி வளர வளர, வருடா வருடம் நம்பர் மாறினால் தாங்காது. அதனால் 1990களின் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கொடுத்த நம்பர் இனி நிரந்தரம். புதிய அணி வந்தால் வரிசையின் வாலில் அடுத்த நம்பர்.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். துப்பறிவாளர் மாதிரி சாட்சி தேடுவோம். பழைய அணிகளின் நம்பரையும் அவர்களுக்கு உதவிய நிறுவனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 45, 47, 48 ஆகிய அணிகளுக்கு உதவியது டெல்ஃபை என்ற கார்ப் பாகக் கம்பனி. 65இலிருந்து 68 வரை ஜெனரல் மோட்டர்ஸ். 111 மோட்டரோலா. 190 வூஸ்டர் பொலிடெக்னிக் என்ற கல்லூரி. 191 ஜெராக்ஸ்.

இப்போது இந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி முதல் எழுத்தை மட்டும் வாசியுங்கள். டி, ஜி, எம், டபிள்யூ, எக்ஸ். என்ன தெரிகிறது? ஆங்கில அகரவரிசை! 191க்குப் பிறகு இந்த ஒழுங்கு உடைந்துவிடுகிறது. ஏனென்றால் அதற்குப் பின் வந்தவர்கள் பெயர்ப்படி வரவில்லை; வந்த வரிசைப்படி வந்தார்கள். பழைய முறை போய்ப் பல வருடமாகிவிட்டது. அதன் தடம் மட்டும் ரோபோக்களின் பட்டியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆக, இன்று ஓர் அணியின் நம்பரைப் பார்த்தால் அது எவ்வளவு பழைய அணி என்று ஊகிக்கலாம். சின்ன நம்பர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டும். ரோபோவுக்கு அது தெரியாது. புத்தம் புதிய அணியிடம் பழைய அணி தோற்பதும் நடக்கிறது.

ஓர் அணி கலைந்துபோனால் அதன் நம்பரை வேறு அணிக்குத் தூக்கிக் கொடுப்பதில்லை. அதனால்தான் நம்பர் பத்தாயிரத்தைத் தாண்டியும், ஒரு வருடத்தில் உண்மையில் ஆடுகிற அணிகள் மூவாயிரத்துச் சொச்சம்தான்.

இதுவரை புரிந்ததா? சரி, இனிமேல்தான் அறிவியல் வருகிறது. நிமிர்ந்து உட்காருங்கள்.

ரோபோவுக்குள் ஒரு கணினி இருக்கிறது. மைதானத்தில் ஆறு ரோபோக்களும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கட்டளை சரியான ரோபோவுக்குப் போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி தேவை. வலையமைப்பில் அந்த முகவரி, இடையில் புள்ளி வைத்த நான்கு எண்களாக இருக்கும். ஃபர்ஸ்ட் என்ன செய்தது தெரியுமா? அணியின் நம்பரையே முகவரிக்குள் வைத்துவிட்டது!

254ஆம் அணியை எடுங்கள். கடைசி இரண்டு இலக்கத்தைப் பிரியுங்கள். 2, 54. அதன் ரோபோக் கணினியின் முகவரி 10.2.54.2. முன்னால் உள்ள 10 எல்லாருக்கும் பொது. நடுவில் அணி. கடைசி எண், அந்த அணிக்குள் எந்தக் கருவி என்று சொல்லும்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். 1482ஆம் அணிக்கு நடுவில் என்ன வரும்? 14, 82. சரியாகச் சொன்னீர்கள்.

இனி ஒரு முடிச்சு. இந்த முகவரியில் ஒவ்வொரு எண்ணும் 255ஐத் தாண்ட முடியாது. ஏன்? கணினி ஒவ்வொரு எண்ணையும் எட்டு சின்ன சுவிட்சுகளில் வைத்திருக்கிறது. ஒரு சுவிட்ச் என்றால் இரண்டு நிலை: அணைந்தது, எரிவது. இரண்டு சுவிட்ச் என்றால் நான்கு நிலை. மூன்று என்றால் எட்டு. இப்படி எட்டுத் தடவை இரண்டால் பெருக்குங்கள். 256 வரும். பூச்சியத்தில் எண்ணத் தொடங்குவதால் கடைசி எண் 255.

2025ஆம் ஆண்டுப் போட்டிக் காலத்தில் ஃபர்ஸ்டின் பெரிய போட்டியில் 9999 தீர்ந்து, ஐந்து இலக்க நம்பர்கள் வந்தன. முகவரி உடைந்ததா? இல்லை. 10,234ஆம் அணிக்கு நடுவில் 102, 34 என்று வைத்தால் போதும். 102 என்பது 255க்குள்தானே. இந்த வழியில் 25,599 வரை போகலாம். முதல் பத்தாயிரம் தீர முப்பது வருடத்துக்கு மேல் ஆனதால் இப்போதைக்குப் பயமில்லை.

'இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன?' என்று நினைக்கிறீர்களா? நம் நாட்டிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஸ்ரீலங்கா ரோபோட்டிக்ஸ் சேலஞ்ச் என்ற போட்டியை நடத்துகிறது. பாடசாலைப் பிள்ளைகளும் அதில் கலந்துகொள்ளலாம். நம்பர் தீர்ந்துபோகிற கதை என்றால் அது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்பாவின் தேசிய அடையாள அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய அட்டை என்றால் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். 1985 என்றால் 85. அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள். பிறகு மூன்று இலக்க வரிசை நம்பர். கடைசி இலக்கம், நம்பரில் பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும் காவல்காரன்.

1900இல் பிறந்தவருக்கும் 00. 2000இல் பிறந்தவருக்கும் 00. இடித்துக்கொண்டது பார்த்தீர்களா? அதனால் 2016 முதல் ஆட்பதிவுத் திணைக்களம் 12 இலக்க நம்பருக்கு மாறியது. வருடத்துக்கு நான்கு இலக்கம். வரிசை நம்பருக்கும் மூன்றுக்குப் பதில் நான்கு.

நம் பாட்டி தாத்தாக்கள் பலருக்கு இந்த அட்டை கைக்கு வரவே நெடுங்காலம் ஆனது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமையை மறுத்தது. மிச்சமிருந்தவர்களுக்கும் அதைக் கொடுக்க 2003இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. பாட்டியிடம் கேளுங்கள், கதை கதையாய்ச் சொல்வார்.

அடையாள அட்டை நம்பருக்குள் பிறந்த நாள் இருக்கிறது. ரோபோ அணி நம்பருக்குள் ஊரும் இல்லை, பாடசாலையும் இல்லை. எது நல்லது? இரண்டும் அதனதன் இடத்தில் நல்லதுதான் என்பேன். பிறந்த நாள் ஒருபோதும் மாறாது, நம்பருக்குள் வைக்கலாம். அணி ஊர் மாறலாம், உதவும் கம்பனி மாறலாம். மாறக்கூடியதை நம்பருக்குள் வைத்தால் பிறகு நம்பரையும் மாற்ற வேண்டிவரும். உங்கள் பாடசாலையில் ரோபோப் போட்டி வைத்தால், வருகிற வரிசையில் 1, 2, 3 என்று கொடுங்கள். அதுவே போதும்.

போகுமுன் ஒரு கணக்கு. நாள் எண்ணும்போது எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே வைக்க வேண்டும். அதனால் மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள். 2013 கிறிஸ்மஸ் அன்று பிறந்த ஒரு தங்கச்சியின் அடையாள அட்டை நம்பர் எப்படித் தொடங்கும்? டிசம்பர் 25 என்பது 360ஆவது நாள். 500ஐக் கூட்டினால் 860. ஆகவே 2013860.

இனி ஒரு பென்சிலை எடுத்து, உங்கள் பிறந்த நாளுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.