கடல் கடந்து வந்த வாத்தியார்கள்

1903-இல் ஜப்பானிலிருந்து இரண்டு ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தின் விருந்தினராகத் தங்கினார்கள். ஒருவர் யோகோயாமா தைக்கான், இன்னொருவர் ஹிஷிதா ஷுன்சோ. தைக்கான் படம் போடும்போது அவனீந்திரநாத் தாகூர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பார். வண்ணம் பூசிய இடத்தின்மேல் வெறும் தண்ணீரில் நனைத்த தூரிகையைத் தைக்கான் அவ்வப்போது மெல்ல ஓட்டியது அவர் கண்ணில் பட்டது. அவனீந்திரர் அதையும் தாண்டிப் போனார். தன் ஓவியத்தை அப்படியே தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்தார்.

வண்ணம் காய்ந்த தாளை நீரில் அமிழ்த்தினால், தாளில் ஒட்டாத நிறம் கரைந்து போய்விடும். நாருக்குள் இறங்கிய நிறம் தங்கிவிடும். தாள் காய்ந்தபின் அகலத் தூரிகையால் மறுபடி ஒரு பூச்சு, மறுபடி தண்ணீர். இப்படிப் பலமுறை செய்தபின் கோடுகளின் விறைப்பு போய், மார்கழிக் காலையில் வயல்வெளி தெரிவதுபோலப் படம் மங்கலாக எழும்பி வரும். இதுதான் ‘வாஷ்’ முறை. 1905-இல் அவனீந்திரர் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் துணை முதல்வரானார். அவரிடம் படித்தவர்கள் வழியாக இந்த முறை இந்தியக் கலைப்பள்ளிகளில் பரவியது.

இயற்பியல் ஆசிரியர் தன் கண்டுபிடிப்பை எழுதி அனுப்பினால், இன்னொரு நாட்டில் இருப்பவர் படித்துப் புரிந்துகொள்வார். தூரிகை பிடிக்கும் விரலின் அழுத்தமோ, தாள் எவ்வளவு ஈரமாக இருக்கும்போது அடுத்த பூச்சைத் தொடங்குவது என்பதோ எழுத்தில் முழுமையாக வராது. கலைக்கல்லூரி ஆசிரியர்களுக்குப் பன்னாட்டுத் தொடர்பு தேவைப்படுவது இதனால்தான். அதில் ஆள் பயணப்பட வேண்டும், தங்க வேண்டும், கூடவே வேலை செய்ய வேண்டும்.

இன்று இதற்கென அமைப்புகள் இருக்கின்றன. ஐரோப்பியக் கலைக்கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பான ‘எலியா’ 1990-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டத்தில் ஓர் ஆசிரியர் வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தப் பணம் கிடைக்கும். அந்தப் பயணம் குறைந்தது 2 நாள் இருக்கலாம், 2 மாதத்துக்கு மேல் போகாது. வாரத்துக்கு 8 மணி நேரமாவது கற்பித்தாக வேண்டும் என்பது விதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கற்பிக்கும் நேரத்துக்குக் கணக்கு வைத்த அளவுக்கு, போன இடத்தில் தான் கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. கல்கத்தாவிலும் சாந்திநிகேதனிலும் நடந்ததைத் திரும்பிப் பார்த்தால் இந்தக் குறை பளிச்சென்று தெரிகிறது.

அங்கே எல்லாம் ஒரு மனிதரின் வார்த்தையில் தொடங்கியது. ஒககுரா காகுசோ டோக்கியோ கவின்கலைப் பள்ளியின் தலைவராக இருந்தவர். 1898-இல் பதவியை விட்டு வெளியேறி நிஹோன் பிஜுத்ஸுயின் என்ற கலைக்கழகத்தை நிறுவினார். அவரோடு சேர்ந்து வேலையை விட்டு வந்த இளம் ஆசிரியர்களில் தைக்கானும் ஷுன்சோவும் அடக்கம். ஒககுரா 1902-இல் இந்தியாவில் பல மாதம் தங்கித் தாகூர் குடும்பத்தோடு நெருங்கிப் பழகினார். மறு ஆண்டே தன் ஆட்களை அனுப்பிவைத்தார். இரு கல்லூரிகளுக்கு நடுவே எந்த ஒப்பந்தமும் இல்லை.

1916-இல் ஜப்பான் போன ரவீந்திரநாத் தாகூர், அங்கே அராய் கம்போ என்ற ஓவியரின் கைத்திறனைப் பார்த்து, எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கல்கத்தாவுக்கு அழைத்தார். கம்போ ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கி, தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ வீட்டிலிருந்த விசித்ரா கூடத்தில் ஜப்பானியத் தூரிகைப் பயிற்சி கொடுத்தார். அதோடு நிற்கவில்லை, அஜந்தாவுக்குப் போய்ச் சுவரோவியங்களைப் படியெடுக்கவும் செய்தார். கற்பிக்க வந்தவர் இங்கே மாணவராகவும் உட்கார்ந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் ஜப்பானுக்குக் கொண்டுபோன படிகள் 1923 நிலநடுக்கத்தில் அழிந்துபோயின. கூடத்தில் கற்பித்தது அவனீந்திரரின் சீடர் நந்தலால் போஸ் போன்றவர்களின் கையில் மிஞ்சியது.

ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனில் கலாபவனம் என்ற கலைப்பள்ளி 1919-இல் தொடங்கியது. ஜெர்மனியின் வைமாரில் பௌஹௌஸ் பள்ளி பிறந்ததும் அதே ஆண்டு. இரண்டுமே கைத்தொழிலையும் கலையையும் ஒரே கூரைக்குள் சேர்க்கப் பார்த்தவை. வியன்னாவில் கலைவரலாறு படித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ், தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதன் வந்து, கோதிக் தேவாலயங்களிலிருந்து தாதா இயக்கம் வரை மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார். பௌஹௌஸ் ஆசிரியர் யோஹன்னஸ் இட்டனுக்கு அவர் எழுதிய கடிதத்தால், 1922 டிசம்பரில் பால் கிளே, காண்டின்ஸ்கி, ஃபைனிங்கர் ஆகியோரின் படைப்புகள் கல்கத்தா வந்தன. நந்தலால், ககனேந்திரநாத் தாகூர் ஆகியோரின் ஓவியங்களோடு ஒரே கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன.

இந்தக் கண்காட்சியைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. 2013-இல் டெஸ்ஸாவில் இதை நினைவுகூர்ந்து ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். ஆனாலும் கற்பித்தல் என்ற அளவில் பார்த்தால், கம்போவின் ஒன்றரை ஆண்டுக்கு அது ஈடாகாது என்றே நினைக்கிறேன். படங்கள் வந்தன, அவற்றை வரைந்த வாத்தியார்கள் வரவில்லை.

நந்தலால் 1924-இல் தாகூரோடு சீனாவும் ஜப்பானும் போய்வந்தார். ஆசிரியரைத் தேடும்போது அவர் தூரதேசத்தையும் பக்கத்து ஊரையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1927-இல் ஜெய்ப்பூரிலிருந்து நரசிங்லால் என்ற சுவரோவிய மேஸ்திரியை அழைத்துவந்து, சாந்திநிகேதன் பழைய நூலகத்தின் தாழ்வாரத்தில் வேலை செய்யச் சொன்னார். ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் நிறம் பூசி, அகேட் கல்லால் தேய்த்து, தேங்காயால் மெருகேற்றும் வேலை அது. மாணவர்கள் கூடவே நின்று சாந்து குழைத்தார்கள்.

இத்தாலியச் சுவரோவிய முறையில் இந்த மெருகேற்றல் கிடையாது. சாந்து உலரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாக இறுகும். நிறம் அதற்குள் சிறைப்பட்டுவிடும். அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் அன்றைக்குச் சாந்து பூச வேண்டும். பிழை வந்தால் கொத்தி எடுப்பதைத் தவிர வழியில்லை. இந்த முறையில்தான் பினோத் பிஹாரி முகர்ஜி 1947-இல் சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால ஞானியர் ஓவியத்தை முடித்தார். பிறவியிலேயே பார்வை குறைந்தவர் அவர். கலாபவன மாணவராக இருந்து ஆசிரியரானவர். 1930-களின் பிற்பகுதியில் ஜப்பான் சென்று அங்குள்ள நீண்ட சுருள் ஓவியங்களைப் பார்த்து வந்தவர். ஞானியரும் மக்களும் சுவரோடு ஆறுபோல நகர்ந்துகொண்டே போகும் அந்த ஓவியத்தில், ஜப்பானியச் சுருளின் ஓட்டத்தையும் இத்தாலியச் சாந்தையும் ஒருசேரக் காணலாம்.

அந்தச் சுவரில் அவருக்கு உதவிய மாணவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது விடுதலைப் போராட்டத்தில் சிறை போனவர். அரசுக் கல்லூரிகளில் இனி இடமில்லை என்றானபின் 1944-இல் சாந்திநிகேதன் போனார். 1951 முதல் பரோடாவில் ஆசிரியர். அங்கே கற்பித்துக்கொண்டிருந்தவர், 1955-இல் லண்டன் ஸ்லேடு பள்ளிக்குப் போய் மறுபடி மாணவரானார்.

அவனீந்திரரின் இன்னொரு சீடர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைக்கே வந்தார். சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வர் அவர்தான். மெரினாவின் உழைப்பாளர் சிலையும் அவர் செய்தது.

இந்தப் பாதை ஒருபக்கமாக மட்டும் ஓடவில்லை. சீனாவில் ஓவியப் பேராசிரியராக இருந்த சூ பெய்ஹோங், தாகூரின் அழைப்பில் 1939-இன் கடைசியில் சாந்திநிகேதன் வந்தார். மலையைத் தோண்டி நகர்த்த முனைந்த கிழவனின் சீனக் கதையை 1940-இல் இங்கே இருந்தபோதுதான் பெரிய ஓவியமாக வரைந்தார். அதற்கு மாதிரியாக நின்றவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் அவர் பெய்ஜிங் மத்திய கவின்கலைக் கழகத்தின் முதல் தலைவரானார். அந்த ஓவியம் பெய்ஜிங்கில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கதையின் மலையைக் கொத்தும் அந்த ஆட்களில் சிலருக்கு வங்காள மண்ணில் பார்த்த தோள்கள்.